மாட்டுக்குள் வாழும் புழு, குதிரையின் தண்டுவடத்தில்

இன்று அரசுக் கால்நடைப் பண்ணை உள்ள மத்திகிரியில், 19-ஆம் நூற்றாண்டில் சென்னை மாகாணப் படைக்கான குதிரை டெப்போ இருந்தது. மாடும் குதிரையும் அருகருகே வாழும் இதுபோன்ற ஊர்களில் அஞ்ச வேண்டிய நரம்பு நோய் 'கும்ரி'.

செட்டேரியா டிஜிட்டேட்டா என்ற வெண்ணிற நூற்புழு மாட்டின் வயிற்றறையில் வாழ்கிறது. மாட்டுக்கு அதனால் பெரும்பாலும் தொல்லையில்லை. மாட்டு ரத்தத்தோடு இதன் நுண்குஞ்சுகளை உறிஞ்சிய கொசு, சில நாள் கழித்துக் குதிரையைக் கடிக்கும்போது இளம்புழு உள்ளே இறங்குகிறது. தனக்குப் பழகாத உடலில் வழிதவறி, மூளையையும் தண்டுவடத்தையும் துளைத்துக்கொண்டு அலைகிறது. இதுதான் கும்ரி; ஒரே ஒரு புழு போதும், குதிரை சாய்ந்துவிடும்.

கும்ரி கண்ட குதிரையின் தீனியில் குறை தெரியாது, பார்வையும் தெளிவாகவே இருக்கும். பின்னங்காலைக் கவனியுங்கள்: குளம்பின் முனை தரையில் உரசித் தேய்ந்திருக்கும், குறுகத் திருப்பினால் இடுப்பு ஆடும், நடக்கும்போது வாலைப் பக்கவாட்டில் இழுத்தால் எதிர்த்து நிற்க வலுவிருக்காது. இலங்கைக் குதிரைகளின் கும்ரிக்கும் இந்தப் புழு நோய்க்கும் உள்ள தொடர்பை இன்னஸ், பிள்ளை என்ற ஆய்வாளர்கள் 1955-இல் எழுதினார்கள். புழுவைக் கொல்ல மருந்து உண்டு; அறுந்த நரம்பிழையை மீட்க மருந்தில்லை.

வெறிநோயும் பின்னங்கால் தளர்ச்சியோடு தொடங்கலாம். எனவே தள்ளாடும் குதிரையின் வாயில் கை வைக்காதீர்கள். உடனே கால்நடை மருத்துவரை அழையுங்கள். கொசு பெருகாதிருக்க, கொட்டகையருகே தண்ணீர் தேங்க விடாதீர்கள்.