ரோமாபுரியின் வெள்ளை மண்டபம்

ரோமாபுரிக்குச் செல்கிறவர்கள் எந்தத் தெருவில் புறப்பட்டாலும் கடைசியில் வெனேஸியா சதுக்கத்துக்கு வந்து சேர்ந்துவிடுவார்கள். அங்கே நின்று தெற்கே பார்த்தால் கண் கூசும். 135 மீட்டர் அகலத்துக்கு ஒரு வெள்ளைக் கல் மலை! சுற்றிலுமுள்ள பழைய கட்டடங்களெல்லாம் காவியும் தேன் நிறமுமாயிருக்க, இது ஒன்று மட்டும் சலவைக்குப் போய் வந்த வேஷ்டிபோல் வெளுத்து நிற்கிறது. ஊர்வாசிகள் இதைக் 'கலியாணக் கேக்கு' என்றும் 'டைப் ரைட்டர்' என்றும் பரிகசிக்கிறார்கள். பரிகாசத்தில் அநியாயம் ஒன்றும் இல்லை.

ஐக்கிய இத்தாலியின் முதல் அரசரான இரண்டாம் விக்டர் இம்மானுவேல் 1878-ல் காலமானார். அவர் ஞாபகார்த்தமாக, ஸக்கோனி என்ற நிபுணரின் திட்டப்படி 1885-ல் வேலை தொடங்கிற்று; 1911-ல் திறப்பு விழா. ஸக்கோனி அதற்குள் மாண்டுவிட்டார். குன்றின் சரிவிலிருந்த பழைய வீடுகளை இதற்காக இடித்துத் தள்ளினார்கள். நடுவே அரசர் வெண்கலக் குதிரைமேல் வீற்றிருக்கிறார். அந்தக் குதிரையின் வயிற்றுக்குள்ளே மேஜை போட்டுச் சுமார் இருபது பேர் விருந்துண்டார்களாம். புகைப்படம் இருக்கிறது, ஆகையால் நம்பத்தான் வேண்டும்.

மாஜினியின் சபதத்தைப் பாரதியாரின் தமிழில் படித்தவர்களுக்கு இந்த அரசரிடம் மனம் சட்டென்று ஒட்டாது. முடியரசே வேண்டாமென்ற மாஜினி, ஒன்றுபட்ட அதே இத்தாலியில், பீஸா நகரில், 1872-ல் மாற்றுப் பெயருடன் மறைந்திருந்து உயிர் நீத்தார்.

ஆனால், குதிரைக்குக் கீழே, இரண்டு வீரர் காவல் நிற்க, அணையாத் தீ எரியும் இடம் ஒன்று உண்டு. பெயர் தெரியாத போர்வீரன் ஒருவனின் சமாதி அது. முதல் உலக யுத்தத்தில் மடிந்து, இன்னாரென்று அடையாளம் காண முடியாத பதினொருவரின் சவப்பெட்டிகளை, 1921 அக்டோபர் 28-ந் தேதி அக்விலேயா தேவாலயத்தில் வரிசையாக வைத்தார்கள். ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு மரியா பெர்காமாஸ் என்ற அம்மையாருக்கு. ஆஸ்திரிய ராஜ்யத்தின் பிரஜையாயிருந்தும் இத்தாலிக்காகப் போர் புரிந்து மடிந்தவன் அவர் மகன். அவன் உடல் இன்னதென்று அறிய வழியில்லை. அம்மையார் ஒவ்வொரு பெட்டியாகக் கடந்து வந்தார். பத்தாவது பெட்டியின் முன் மகன் பெயரைச் சொல்லிக் கதறி விழுந்துவிட்டார். அதுவே ரோமாபுரிக்கு வந்தது. ரயில் மெள்ள மெள்ள வர, பாதை நெடுக ஜனங்கள் மண்டியிட்டார்கள். நவம்பர் 4-ந் தேதி அடக்கம் நடந்தது. மகனை இழந்த தாய்மார் எல்லோருக்கும், 'உள்ளே இருப்பவன் என் பிள்ளைதானோ!' என்று எண்ண இடமிருந்தது.

சதுக்கத்தின் மேற்குப் பக்கத்தில், வெனிஸ் நாட்டுத் தூதர்கள் முன்பு வசித்த மாளிகை இருக்கிறது. சதுக்கத்தின் பெயரும் அதனால் வந்ததே. 1940 ஜூன் 10-ந் தேதி முஸோலினி அதன் உப்பரிகையில் நின்று, பிரிட்டன்மீதும் பிரான்ஸ்மீதும் யுத்தம் தொடுத்ததாக முழங்கினார். கூட்டம் ஆரவாரித்தது. சமாதி அங்கிருந்து கூப்பிடு தூரந்தான்.

1946-ல் ஜனங்கள் வாக்களித்து முடியரசையே நீக்கிவிட்டார்கள். குதிரையை மட்டும் யாரும் இறக்கவில்லை. ஆண்டுதோறும் ஜூன் 2-ந் தேதி, குடியரசு நாளன்று, நாட்டின் தலைவர் படியேறி வந்து சமாதியில் மலர் வளையம் வைக்கிறார்.

உச்சிக்குப் போக மின்சார லிப்ட் இருக்கிறது. மேலேயிருந்து பழைய ரோமாபுரியின் இடிபாடுகளைக் கொலோஸியம் வரையில் காணலாம். அவசியம் ஏறிப் பாருங்கள். படியில் மட்டும் உட்கார்ந்துவிடாதீர்கள். காவலர் உடனே விசில் ஊதி எழுப்பிவிடுவார்.