காப்பிப் பொறியின் எச்சரிக்கை விளக்கு

வீட்டுக் காப்பிப் பொறியில் விளக்கு மினுக்கியவுடன் பொறி பழுதாயிற்றென்று முடிவு கட்டுவோர் பலர். பெரும்பாலும் அது நோயன்று, ஏதோவொரு தேவை. சக்கைத் தட்டு நிரம்பியிருந்தால் கொட்டிவிடலாம். தொட்டியில் நீர் இருந்தும் நீர் விளக்கு அணையாவிடில் தொட்டியைக் கழற்றி அழுத்திப் பொருத்துக. உள்ளே மிதவை இருப்பின் அது சிக்கியிருக்கவுங் கூடும்.

ஆராயத்தக்கது சுண்ணப் படிவு விளக்கே. கடின நீரிலுள்ள கால்சியம் பைகார்பனேட், சூடேறுங்கால் கரியமிலவாயுவை இழந்து, கால்சியம் கார்பனேட்டாகி வெப்பக் குழாயில் ஒட்டுகிறது. அப்படிவைப் பொறி கண்டறிவதாக நாம் எண்ணுகிறோம். அன்று! பல பொறிகள் ஓடிய நீரை அளந்து, நாம் குறித்துவைத்த கடின அளவோடு சேர்த்துக் கணக்கிட்டே விளக்கேற்றுகின்றன. மழைநீர் மென்னீர், கிந்தாப் பள்ளத்தாக்கின் சுண்ணாம்புக் குன்றுகளை அடுத்த கிணற்று நீரோ கடினமானது. இரண்டிற்கும் ஒரே குறிப்பு பொருந்துமா?

இதனால் ஒரு வேடிக்கையும் நேர்கிறது. மருந்தின்றி வெறுநீரைவிட்டுத் துப்புரவு முறையை முடித்தாலும் விளக்கு அணைந்துவிடும். வராத மாணவனுக்கு வருகை குறித்தாற்போலத்தான். படிவோ அப்படியே இருக்கும். சிட்ரிக் அமிலம் அதைக் கரைக்கும். பொறிக்கென விற்கும் கரைசலே நன்று. துணி வெளுக்கும் மருந்து கூடவே கூடாது. இடையில் நிறுத்தாது, அலசும் கட்டம் வரை முடித்தல் வேண்டும். நீர் மெலிந்து ஒழுகினாலோ, காப்பி சூடு குறைந்தாலோ, விளக்கு எரியும்வரை காத்திராமல் துப்புரவு செய்க.

இவ்வளவுக்குப் பின்னும் விளக்கு எரிந்தால், மின்செருகியைப் பிடுங்கிவிட்டுப் பழுது பார்ப்பவரிடம் கொடுத்துவிடுக. கொதிகலத்தை நாமே திறத்தல் ஆகாது. அடைபட்ட நீராவி கையைச் சுட்டுவிடும்.