கண்ணாடித் தொட்டியில் ஓர் உயிர்

ஜேர்மனியில் எமக்கு அறிமுகமான குடும்பமொன்றின் வீட்டில் கடந்த மாரிகாலத்தில் ஒரு வழக்கு எழுந்தது. பத்து வயது மகளின் கண்ணாடித் தொட்டியிலிருந்த இரு தங்கமீன்களும் ஒரே நாளில் சோர்ந்துவிட்டன. சிறியது நீரின் மேற்பரப்பில் வாயைத் திறந்து திறந்து மூடியது. பெரியது ஒருபுறம் சாய்ந்து கிடந்தது. "நாங்கள் கறிக்கு அறுக்காத மீனா, பிள்ளை?" என்று கேட்டுக்கொண்டு தகப்பனார் இரண்டையும் மலசலகூடத்தில் கொட்டிவிட ஆயத்தமானார். மகளோ தொட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றாள். நாம் நீண்டகாலமாக மீன் வளர்த்து வருவதை அறிந்த தாயார் தொலைபேசியில் எம்மை அழைத்தார்.

தகப்பனார் பருத்தித்துறைக் கடற்கரையில் வளர்ந்தவர். அவருடைய கேள்வியில் நியாயம் இல்லாமலில்லை. மீனின் விலை சில யூரோக்கள்; விலங்கு வைத்தியரின் கட்டணமோ அதன் பலமடங்கு. ஆயினும் இந்நாட்டின் விலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முன் மீனும் முள்ளந்தண்டுள்ள ஓர் உயிரே. அத்தகைய உயிரைத் தகுந்த காரணமின்றிக் கொல்வோருக்கு 3 ஆண்டுகள் வரை சிறையோ தண்டப்பணமோ விதிக்க அதன் 17ஆம் பிரிவு இடமளிக்கின்றது. கொல்ல நேரினும் மயக்கமுறச் செய்தோ, வேறுவகையில் நோவைத் தவிர்த்தோ, அதற்குரிய அறிவுள்ளவரே செய்தல் வேண்டும் என்கிறது 4ஆம் பிரிவு. 2002ஆம் ஆண்டில் விலங்குகளின் பாதுகாப்பு இந்நாட்டு அரசியலமைப்பிலேயே இடம்பெற்றது. கழிவுக் குழாய்க்குள் போகும் மீன் உடனே இறப்பதில்லை. அழுக்கு நீரில் மூச்சுத் திணறித்தான் இறக்கும். உறைபெட்டியில் வைப்பதும் இரக்கமான வழியன்று.

ஆனால் அந்த மீன்கள் உண்மையில் சாகின்றனவா என்பதல்லவா முதற்கேள்வி? ஒரே தொட்டியில் எல்லா மீன்களும் ஒரே நாளில் சோர்ந்தால் முதலில் நீரையே சந்தேகிக்கவேண்டும். விசாரித்தபோது உண்மை வெளிப்பட்டது. நல்லெண்ணத்தோடு தாயார் முதல்வாரம் வடிகட்டியைச் சுடுநீரில் தேய்த்துக் கழுவியிருக்கிறார். மீனின் கழிவிலிருந்து வரும் அமோனியாவை நைத்திரைற்றாகவும், அதனைத் தீங்கு குறைந்த நைத்திரேற்றாகவும் மாற்றும் பற்றீரியாக்கள் வாழ்வது அந்த வடிகட்டியிலேதான். அவை அழிந்ததும் நீர் நஞ்சாகிவிட்டது. நைத்திரைற்று இரத்தத்திற் கலந்தால் மீனின் குருதி ஒட்சிசனைச் சுமக்கும் ஆற்றலை இழக்கும். ஆகவே தீனியை நிறுத்தி, நாள்தோறும் பாதி நீரை அதே வெப்பநிலையுள்ள புதுநீரால் மாற்றி, லீற்றருக்கு 1 கிராம் வீதம் அயடீன் சேராத உப்பும் இடும்படி கூறினோம். தொட்டியைக் கழுவித் துடைப்பதில் எம்மவர் காட்டும் அக்கறைக்குப் பலியான மீன்களை நாம் பல வீடுகளில் கண்டிருக்கிறோம்!

மூன்றாம் நாள் சிறிய மீன் கீழிறங்கி நீந்தத் தொடங்கியது. பெரியது தேறவில்லை. தலைகீழாக மிதப்பது மட்டும் மரணக்குறியன்று. காற்றுப்பை கோளாறினால் மிதக்கும் தங்கமீனை இரண்டு மூன்று நாள் பட்டினி போட்டு, பின் தோலுரித்து அவித்த பச்சைப் பட்டாணி கொடுத்து மீட்பதுண்டு. ஆனால் இதன் வயிறு ஊதி, செதில்கள் யாவும் ஊசியிலை மரத்துக் காயின் இதழ்கள்போல் வெளியே நிமிர்ந்துவிட்டன. மீனின் மகோதரம் இது. சிறுநீரகம் கெட்டு உடலில் நீர் கட்டிய இந்நிலைக்கு வந்தபின் மீள்வது மிக அரிது. கையை அருகிற் கொண்டுசென்றாலும் அது அசையவில்லை.

இனி வைப்பது வதை என்றோம். மகள் இரண்டு நாள் அவகாசம் கேட்டாள். இங்கிலாந்தில் 'ரிஷ்' என்ற தங்கமீன் 43 ஆண்டுகள் வாழ்ந்து 1999இல் இறந்ததை எங்கோ வாசித்திருந்தாளாம். ஒருநாளுக்குமேல் கொடுக்க எமக்கு மனம் வரவில்லை.

எல்லா விலங்கு வைத்தியரும் மீன் பார்ப்பதில்லை. முன்கூட்டியே தொலைபேசியில் விசாரித்துச் செல்லவேண்டும். மயக்க மருந்தை நீரிற் கலந்து மீனை அதிலே விடுவார்கள். எமது பல்வலிக்குப் பஞ்சில் நனைத்து வைக்கும் கராம்பு எண்ணெயிலுள்ள பொருளுக்கும் மீனை மயக்கும் குணமுண்டு. மீன் முதலில் சமநிலை இழக்கும்; பின் உணர்விழக்கும்; ஈற்றில் செவுள் அசைவு நிற்கும். அசைவு நின்ற பின்னரும் அரைமணி நேரமாவது அந்நீரிலேயே வைத்திருத்தல் அவசியம். அவசரப்பட்டு எடுத்தால் மீண்டும் மூச்சுவிடத் தொடங்கலாம்.

வாளியைத் தகப்பனாரே ட்ராமில் கொண்டுசென்றார். மேலே ஒரு துவாயை மூடியிருந்தார். வெளிச்சம் பட்டால் மீன் வெருளும் என்று மகள் சொல்லி அனுப்பினாளாம்.