அகத்தியர் லண்டனில் உதிப்பதில்லை

பிப்ரவரி நடுவில், இரவு ஒன்பது மணி வாக்கில் சென்னையில் மொட்டை மாடிக்குப் போய்த் தெற்கே பாருங்கள். நன்றாக உயரத்தில், இரவு வானிலேயே மிகப் பிரகாசமான விண்மீனான சிரியஸ் இருக்கும். அதற்கு வெகு கீழே, பிரகாசத்தில் இரண்டாவதான விண்மீன். நம் மரபில் அதன் பெயர் அகத்தியர்; வானியலார் கனோபஸ் என்பார்கள். கையை நீட்டி முஷ்டியை மடக்கிப் பிடித்தால், அது வானில் சுமார் 10 பாகையை மறைக்கும். அடிவானத்திலிருந்து இரண்டரை முஷ்டி உயரத்தில் அகத்தியர் இருப்பார். டெல்லியில் ஒரு முஷ்டிகூடத் தேறாது. லண்டனை விட்டு நகராதவர் ஆயுள் முழுக்க அவரைப் பார்க்கவே முடியாது.

பூமி உருண்டையாக இருப்பதுதான் காரணம். வடக்கே சுமார் 111 கிலோமீட்டர் போனால் நம் அட்சரேகை ஒரு பாகை கூடும். அடிவானமும் அதே அளவு சாயும். தெற்கு விண்மீன்கள் ஒரு பாகை இறங்க, துருவ நட்சத்திரம் ஒரு பாகை ஏறும். அதனால்தான் துருவ நட்சத்திரத்தின் உயரத்தை அளந்தாலே ஏறக்குறைய ஊரின் அட்சரேகை கிடைத்துவிடுகிறது: கன்னியாகுமரியில் 8 பாகை, சென்னையில் 13, ஸ்ரீநகரில் 34.

கிறிஸ்துவுக்கு முந்தைய முதல் நூற்றாண்டில் வாழ்ந்த கிரேக்க அறிஞர் பொசிடோனியஸ் இதே அகத்தியரை வைத்துப் பூமியையே அளக்கப் பார்த்தார். ரோட்ஸ் தீவில் அது அடிவானத்தை லேசாகத் தொட்டு மறைகிறது. எகிப்தின் அலெக்சாண்டிரியாவிலோ வட்டத்தில் 48-ல் ஒரு பங்கு, அதாவது ஏழரைப் பாகை, ஏறுகிறது என்று கணக்கிட்டார். அப்படியானால் இரண்டு ஊர்களுக்கும் இடையிலான தூரத்தைப்போல் 48 மடங்குதான் பூமியின் சுற்றளவு. உண்மையில் கோண வித்தியாசம் 5 பாகையைச் சற்றே தாண்டும், அவ்வளவுதான். அளவு பிசகினாலும் யோசனையில் குறையில்லை. ஒரு விண்மீனைக் கொண்டு உலகின் உருவத்தையே பிடிக்க முயன்ற அந்தத் துணிவு என்னை இன்றும் பிரமிக்க வைக்கிறது.

சப்தரிஷி மண்டலம் அஸ்தமிப்பதே இல்லை என்று மேல்நாட்டு வானியல் நூல்களில் படித்திருப்பீர்கள். லண்டனுக்கு அது சரி. சென்னையில் தினமும் அஸ்தமிக்கிறது. அந்த நூல்களை அப்படியே நம் பிள்ளைகள் கையில் கொடுப்பது சரியல்ல, ஏனென்றால் நம் வானம் அவற்றில் உள்ளதைவிடப் பெரியது. தென் துருவத்தைச் சுற்றி 13 பாகை ஆரமுள்ள வட்டம் மட்டும்தான் சென்னைக்கு எட்டாது. மொத்த வானத்தில் அது நூற்றுக்கு ஒன்றரைப் பங்குகூட இல்லை. லண்டனுக்கு எட்டாததோ கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு.

ஜவ்வாது மலையில் உள்ள காவலூர் வானாய்வகத்தின் பெரிய பலங்களில் இந்த விரிந்த வானமும் ஒன்று. வானியலாளர் வைனு பாப்புவின் பெயர் தாங்கிய 2.34 மீட்டர் தொலைநோக்கியால் அங்கிருந்து வட வானையும் தென் வானையும் ஆராய முடிகிறது.

தொலைநோக்கி இல்லாதவர்களுக்கு மே மாதம் இருக்கிறது. நடு மே, இரவு ஒன்பது மணி, சென்னையில் தெற்கு அடிவானம் மறையாத ஓர் இடம் போதும்: ஒன்றரை முதல் இரண்டு முஷ்டி உயரத்தில் தென்சிலுவை நேராக நிற்கும். டெல்லியில் அதன் அடிமுனை விண்மீன் அடிவானத்துக்கு மேலே வருவதேயில்லை.