செத்தவன் பொழைச்சான்... அப்பத்தா சட்டப்படி!

போன வைகாசியில் சிங்கம்புணரியில், எங்க வீட்டுத் திண்ணையில், பட்டப்பகலில் ஒரு கொலை நடந்தது.

பதறாதீங்க. செத்தது எங்க அத்தை மகன் மூணு வருஷமா வளர்த்து வந்த ஒரு காகித வீரன். கொன்றது அடியேன். ஆயுதம், பிளாஸ்டிக் பகடை. போலீஸ் கேஸெல்லாம் இல்லை. ஆனால் அத்தை மகன் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். அடுத்த வியாழக்கிழமை அவனுக்கு சிங்கப்பூர் ஃப்ளைட். ரெண்டு வருஷ கான்ட்ராக்ட். கிளம்புகிற நேரத்திலா இப்படி ஆகணும்?

விஷயத்துக்கு வருகிறேன். மதுரையில் வேலை பார்க்கிற நாங்க நாலு பேர் சனிக்கிழமை சாயங்காலம் கூடி ஆடுகிற ஆட்டத்துக்குப் பேர் 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்'. கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்ற ரெண்டு அமெரிக்கர்கள் 1974-ல் வெளியிட்டது. கட்டம், காய் எதுவும் கட்டாயமில்லை. ஒருத்தர் கதை சொல்வார். 'எதிரே பாழடைந்த கோட்டை. உள்ளே உறுமல் சத்தம். என்ன செய்றே?' என்பார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரம். 'கதவை உடைக்கிறேன்' என்று வீராப்பாகச் சொல்லலாம். உடைந்ததா, தோள்பட்டை உடைந்ததா என்பதைப் பகடை சொல்லும். நாலு பக்கப் பகடையிலிருந்து இருபது பக்கப் பகடை வரை ஒரு செட்டே உண்டு.

ஐம்பது வருஷத்தில் இதன் சட்டப் புஸ்தகம் பல பதிப்பு மாறிவிட்டது. சும்மா அட்டையை மாற்றுகிற சமாசாரம் இல்லை. சட்டமே தலைகீழாகும். பழைய பதிப்புகளில் கவசத்தின் எண் ஸ்கூல் ரேங்க் மாதிரி. குறையக் குறைய நல்லது. 2000-ல் வந்த மூன்றாம் பதிப்பில் அது மார்க் மாதிரி ஆகிவிட்டது. கூடக் கூட நல்லது! ரெண்டையும் குழப்பிக்கொண்டால் கவசம் போட்டவன் கதி, பனியன் போட்டவன் கதிதான்.

என் கையில் இருப்பது 2003-ல் வந்த மூணரைப் பதிப்பு. (ஏழரை கேள்விப்பட்டிருப்பீங்க. இது மூணரை!) பழைய புஸ்தகக் கடையில் அட்டை கிழிந்த நிலையில் வாங்கியது. அத்தை மகனிடம் புஸ்தகமே கிடையாது. எல்லாம் போன். அதில் 2014-ல் வந்த ஐந்தாம் பதிப்பு. சல்லிக்காசு செலவில்லை. மூன்றாம் பதிப்பின் அடிப்படைச் சட்டங்களை 2000-லேயே கம்பெனி இலவச உரிமத்தில் திறந்துவிட்டது. 2023 ஜனவரியில் அந்த உரிமத்தை மாற்றப் பார்த்து, ஆட்டக்காரர்கள் கொதித்தெழ, கடைசியில் ஐந்தாம் பதிப்பின் அடிப்படைச் சட்டங்களையும் யாரும் எடுத்துக்கொள்ளலாம் என்று பொதுவில் வைத்துவிட்டது.

ஆக, பாதி புஸ்தகம், பாதி போன். மூணு வருஷம் அப்படித்தான் வண்டி ஓடியது. குறுக்கே எதுவும் வராதவரை எல்லா வண்டியும் ஓடும் சார்!

சேவுகப்பெருமாள் அய்யனார் கோயில் திருவிழாவுக்கு நாலு பேருமாக ஊருக்கு வந்திருந்தோம். சாப்பிட்டுவிட்டுத் திண்ணையில் ஆட்டத்தை விரித்தோம். கதை சொல்கிற முறை எனக்கு. வீரனிடம் மிச்சம் இருந்த உயிர்ப்புள்ளி 6. பூதம் அடித்த அடி 17. கழித்தால் மைனஸ் 11.

"மைனஸ் பத்துக்குக் கீழே போயாச்சு. ஆள் காலி" என்றேன், புஸ்தகத்தை விரித்துக் காட்டி.

"மாப்ளே, எந்தக் காலத்துல இருக்கே? மைனஸே கிடையாது. ஜீரோவுல மயக்கம்தான். பகடை போடணும். பத்தும் அதுக்கு மேலயும் மூணு தடவை விழுந்தா பொழைப்பான். அதுக்குக் கீழே மூணு தடவை விழுந்தாத்தான் சாவு" என்றான் அவன், போனைத் திருப்பிக் காட்டி.

ரெண்டு பேர் சொன்னதும் சரி. அதுதான் சிக்கல்! மூணரைச் சட்டப்படி செத்தான். ஐந்தாம் சட்டப்படி உசிரோடு கிடக்கிறான்.

"புஸ்தகம்னா புஸ்தகம்தான். போன்ல இருக்கறது ராத்திரியோட ராத்திரியா மாறிடும்" என்று நான் ஆரம்பித்தேன். உண்மைதான். 2009 ஏப்ரலில் அந்தக் கம்பெனி தன் மின்புஸ்தகங்கள் அத்தனையையும் ஒரேயடியாக விற்பனையிலிருந்து எடுத்துவிட்டது. 2013-ல்தான் பழைய பதிப்புகள் மறுபடி விற்பனைக்கு வந்தன. 2024 ஆகஸ்டில், காசு கொடுத்து இணையத்தில் வாங்கிவைத்திருந்த பழைய மந்திரங்களுக்குப் பதிலாகப் புதுப் பதிப்பின் மந்திரங்களை வைக்கப்போவதாக அறிவித்தார்கள். ஆட்டக்காரர்கள் சத்தம் போட்ட பிறகுதான் பின்வாங்கினார்கள்.

அத்தை மகன் விடுவானா? "உன் புஸ்தகத்துல நாப்பது பக்கத்தைக் கரையான் தின்னுடுச்சே. அது எந்தக் கம்பெனி அறிவிப்பு?"

சத்தம் தெருவுக்குக் கேட்டது. உள்ளேயிருந்து அப்பத்தா வந்தார். எண்பதைத் தாண்டியவர். கையில் சுருக்குப்பை. அதற்குள் வெற்றிலை, பாக்கு, ஒரு ஜோடி பித்தளைத் தாயக்கட்டை.

"என்னடா... சொத்துப் பிரிக்கிறீகளா?"

கதையைச் சொன்னோம். பூதத்தைப் பற்றி ஒரு கேள்வி கேட்கவில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"எந்தச் சட்டம்னு ஆரம்பிக்கறப்பவே பேசிக்கிட்டீகளா?"

நாலு பேரும் தரையைப் பார்த்தோம்.

"நான் வாக்கப்பட்டு வந்த புதுசுல இந்தத் திண்ணையிலதான் தாயம் ஆடுனேன். எங்க ஊருல யாரையும் வெட்டாமலே காயைப் பழமாக்கிடலாம். இங்க ஒரு வெட்டாவது வெட்டுனாத்தான் உள்ளே போக முடியும். எனக்கு யாரும் சொல்லலை. மூணு காயைக் கொண்டுபோய் வாசல்ல நிறுத்திட்டு முழிச்சேன். உங்க ஐயா சிரிச்ச சிரிப்பு இருக்கே... அன்னிக்கிலேருந்து ஆட்டத்துக்கு முந்தி நான் கேக்குற மொதக் கேள்வி அதான்."

அப்புறம் கட்டையை அத்தை மகன் கையில் வைத்தார். "மூணு தடவை உருட்டு. தாயம் விழுந்தா பொழைச்சுக்கிடட்டும். விழலைன்னா போய்ச் சேரட்டும். ரெண்டு பேரும் வாயை மூடணும்."

நான் அக்கவுன்ட்ஸ் செக்ஷன் ஆசாமி. மனசுக்குள் கணக்குப் போட்டேன். ஒரு கட்டைக்கு நாலு பக்கம். 0, 1, 2, 3. ரெண்டு கட்டைக்குப் பதினாறு விதமாக விழலாம். அதில் தாயம் ரெண்டே விதம். அதாவது எட்டில் ஒன்று. மூணு உருட்டலில் ஒரு தாயமாவது விழ நூற்றுக்கு முப்பத்து மூணு வாய்ப்பு. என் புஸ்தகப்படி பூஜ்யம், அவன் போன்படி சுமார் அறுபது. அப்பத்தா பாதிக்குப் பாதி பஞ்சாயத்துப் பண்ணிவிட்டார்!

முதல் உருட்டு, நாலு. ரெண்டாவது, மூணு. அத்தை மகன் கட்டைகளை உள்ளங்கையில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டான். மூணாவது... ரெண்டு கட்டையும் வெறுமையாக விழுந்தது. பன்னெண்டு.

"சரி விடு மச்சான்" என்று நான் பேப்பரை மடிக்கப் போனேன். குரல் கம்மிவிட்டது. ஜெயித்தவனுக்கு எதற்குத் தொண்டை அடைக்கணும் என்று எனக்கே புரியவில்லை.

"யார்றா அவன் பேப்பரை மடிக்கிறவன்?" என்றார் அப்பத்தா. "தாயம், அஞ்சு, ஆறு, பன்னெண்டு விழுந்தா மறு ஆட்டம் உண்டுடா. உருட்டு!"

அந்தச் சட்டம் எங்க நாலு பேருக்கும் பால்குடி காலத்திலிருந்து தெரியும். மறந்தே போயிருந்தோம்.

உருட்டினான். கட்டை ஒன்று மல்லாந்தது. இன்னொன்று திண்ணை ஓரம் வரை ஓடித் தூணில் இடித்து நின்றது. ஒரே ஒரு புள்ளி.

தாயம்!

அடுத்த வீட்டுக்காரர் எட்டிப் பார்க்கும் அளவுக்குக் கத்தினோம்.

அன்று சாயங்காலமே கடைத்தெருவில் ஒரு கோடு போட்ட நோட்டு வாங்கினோம். இனிமேல் எங்களுக்கு அதுதான் சட்டம். முதல் பக்கத்தில்: 'அடிப்படை, மூணரைப் பதிப்பு. கரையான் தின்ற பக்கங்களுக்கு மட்டும் இலவசச் சட்டத்தை இறக்கிப் பிரின்ட் எடுத்து வைக்கணும். சந்தேகம் வந்தால் அன்றைக்கே பேசி இதில் எழுதணும். வீரன் விழுந்தால் அப்பத்தா சட்டம்.' நோட்டின் கடைசிப் பக்கங்களில் அப்பத்தா சொல்லச் சொல்ல எங்க வீட்டுத் தாயத்தின் சட்டங்களையும் எழுதிக்கொண்டேன். அதற்குப் பழைய பதிப்பும் இல்லை, புதுப் பதிப்பும் இல்லை. இருக்கிற ஒரே பிரதி அவர்தான் என்பது அப்போதுதான் உறைத்தது.

அத்தை மகன் சிங்கப்பூர் போய்ச் சேர்ந்துவிட்டான். இப்போது சனிக்கிழமை வீடியோ காலில் ஆடுகிறோம். வீரன் லேசாக நொண்டுகிறான். ஆனால் ஆடுகிறான்.

அப்பத்தாவுக்கு என் போனில் தாயம் ஆட்டம் ஒன்று இறக்கிக் கொடுத்தேன். பத்து நிமிஷம் உற்றுப் பார்த்தார்.

"இவன் ஒரு வெட்டுகூட வெட்டாம உள்ளே போறான்டா."

"அது அந்த ஆட்டத்தோட சட்டம், அப்பத்தா."

போனை என் கையில் திருப்பிக் கொடுத்துவிட்டுச் சுருக்குப்பையை அவிழ்த்தார்.

"எங்க ஊருச் சட்டம்தான். ஆனா இது எங்க ஊரு இல்லியே... நீ இப்படி உக்காரு."