உப்புப் பொட்டலமும் விகிதக் கணக்கும்

எங்கள் தெருவில் இரண்டு வயதுக் குழந்தை ஒன்றுக்கு ஒருநாள் வயிற்றுப்போக்கு கண்டது. மருந்துக் கடையிலிருந்து உப்பும் குளுக்கோஸும் கலந்த பொட்டலம் ஒன்று வாங்கி வந்தார்கள். அது ஒரு லிட்டர் நீரில் கரைக்க வேண்டிய பொட்டலம். "இந்தப் பிஞ்சு ஒரு லிட்டரா குடிக்கப் போகிறது?" என்று சொல்லி, பாட்டி முழுப் பொட்டலத்தையும் ஒரு தம்ளர் நீரில் கொட்டிக் கலக்கிவிட்டார். முதல் கரண்டியிலேயே குழந்தை முகத்தைச் சுளித்துத் துப்பிவிட்டது. நல்ல வேளையாக அதற்குள் விவரம் தெரிந்த ஒருவர் வந்து அந்தத் தம்ளரைக் கீழே கொட்டச் செய்தார்.

மறுநாள் கல்லூரியில் முதலாண்டு மாணவர்களிடம் இதையே இரண்டு வினாக்களாகக் கேட்டேன். "ஒரு பொட்டலம் ஒரு லிட்டருக்கு என்றால், 200 மில்லிலிட்டருக்கு எவ்வளவு?" என்ற முதல் வினாவுக்கு எல்லோரும் "ஐந்தில் ஒரு பங்கு" என்று சரியாகவே சொன்னார்கள். "முழுப் பொட்டலத்தையும் 200 மில்லிலிட்டரில் கரைத்தால் கரைசலின் செறிவு என்ன ஆகும்?" என்பது இரண்டாம் வினா. இதற்கும் பலர் "ஐந்தில் ஒரு பங்கு" என்றே சொன்னார்கள்! சரியான விடை, ஐந்து மடங்கு.

அவர்களுக்குப் பெருக்கவும் வகுக்கவும் நன்றாகத் தெரியும். எங்கே பெருக்குவது, எங்கே வகுப்பது என்பதில்தான் தடுமாற்றம். ஆறாம் வகுப்பில் தொடங்கும் இத்தடுமாற்றம் கல்லூரி வரை கூடவே வந்துவிடுகிறது. அதைத் தீர்க்கும் வழியை இதே பொட்டலத்தைக் கொண்டு பார்ப்போம்.

மூன்று அளவுகள்

நம் கணக்கில் உள்ள அளவுகள் மூன்று. ஒன்று, பொடியின் எடை. இரண்டு, நீரின் அளவு. மூன்று, கரைசலின் செறிவு, அதாவது ஒரு லிட்டரில் எத்தனை கிராம் என்பது. இம்மூன்றையும் இணைக்கும் உறவு ஒன்றே:

பொடியின் எடை = செறிவு × நீரின் அளவு

இதே அமைப்பு நமக்குப் பழக்கமான வேறு இடங்களிலும் உண்டு. தூரம் = வேகம் × நேரம். விலை = ஒன்றின் விலை × எண்ணிக்கை. மின்னழுத்தம் = மின்தடை × மின்னோட்டம். இவற்றில் எதிலும் மூன்று அளவுகளும் ஒருங்கே மாறினால் கணக்குச் சிக்கலாகும். ஒன்று மாறாமல் நின்றால், மற்ற இரண்டுக்கும் இடையே எளிய விகிதம் பிறக்கும். ஆகவே விகிதக் கணக்கைக் கண்டதும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, "இதில் எது மாறாமல் நிற்கிறது?" என்பதே.

செறிவு மாறாவிட்டால்: நேர்விகிதம்

உலக நலவாழ்வு அமைப்பும் யுனிசெப்பும் 2002 முதல் பரிந்துரைத்து வரும் கலவையில் ஒரு லிட்டருக்கு 20.5 கிராம் பொடி இருக்கும். செறிவு அப்படியே இருக்க வேண்டும். நீரை மட்டும் கூட்டியோ குறைத்தோ கொள்கிறோம். அப்போது,

200 மி.லி. நீருக்கு 4.1 கிராம்
400 மி.லி. நீருக்கு 8.2 கிராம்
1 லிட்டர் நீருக்கு 20.5 கிராம்
4 லிட்டர் நீருக்கு 82 கிராம்

நீர் இருமடங்கானால் பொடியும் இருமடங்காகிறது. எந்த வரியை எடுத்துக் கொண்டாலும் பொடியின் எடையை லிட்டரில் உள்ள நீரின் அளவால் வகுத்தால் 20.5 என்ற ஒரே ஈவு கிடைக்கும். ஈவு மாறாதிருப்பதே நேர்விகிதத்தின் அடையாளம்.

பொடி மாறாவிட்டால்: எதிர்விகிதம்

இப்போது பொட்டலம் ஒன்றுதான். அதை எவ்வளவு நீரில் கரைக்கிறோம் என்பது மட்டும் மாறுகிறது.

2 லிட்டரில் கரைத்தால் செறிவு லிட்டருக்கு 10.25 கிராம்
1 லிட்டரில் கரைத்தால் 20.5 கிராம்
அரை லிட்டரில் கரைத்தால் 41 கிராம்
200 மி.லி.யில் கரைத்தால் 102.5 கிராம்

நீர் பாதியானால் செறிவு இருமடங்காகிறது. இங்கே ஈவு மாறுகிறது. ஆனால் நீரையும் செறிவையும் பெருக்கிப் பாருங்கள். நான்கு வரிகளிலும் 20.5 வரும். பெருக்கல் பலன் மாறாதிருப்பதே எதிர்விகிதத்தின் அடையாளம். பாட்டியின் தம்ளரில் இருந்தது, இருக்க வேண்டியதைப் போல் ஐந்து மடங்கு செறிவுள்ள கரைசல். அத்தகைய கரைசல் குடலுக்குள் போனால் உடலில் எஞ்சியிருக்கும் நீரையும் குடலுக்குள் இழுக்கும். இரத்தத்தில் சோடியத்தையும் மிகுவிக்கும். நீரிழப்பைத் தடுக்க வந்த மருந்தே நீரிழப்பைக் கூட்டிவிடும். மாறாக, மிகுதியான நீரில் கரைத்தால் உடல் இழந்த உப்பு போதிய அளவு திரும்பக் கிடைக்காது.

நேர்விகிதம், எதிர்விகிதம் என்பவை பொருள்களின் குணங்கள் அல்ல என்பதைக் கவனியுங்கள். அதே பொடி, அதே நீர். எதை நிலையாக வைத்தோம் என்பதைப் பொறுத்தே விகிதம் மாறியது.

ஆரியபட்டரின் மூன்று இராசிகள்

மூன்று அளவுகள் தெரிந்தால் நான்காவதைக் காணும் இம்முறை நம் நாட்டில் மிகப் பழையது. கி.பி. 499-இல் ஆரியபட்டர் இதைத் 'திரைராசிகம்' என்ற பெயரில் விளக்கினார். தெரிந்த அளவு 'பிரமாணம்'. அதற்குரிய பயன் 'பலம்'. நாம் வேண்டும் அளவு 'இச்சை'. பலத்தை இச்சையால் பெருக்கிப் பிரமாணத்தால் வகுக்க வேண்டும் என்பது விதி. நம் கணக்கில் பிரமாணம் 1000 மி.லி., பலம் 20.5 கிராம், இச்சை 200 மி.லி. எனவே 20.5 × 200 ÷ 1000 = 4.1 கிராம்.

எதிர்விகிதத்துக்கு இவ்விதி தலைகீழாகும். பலத்தைப் பிரமாணத்தால் பெருக்கி இச்சையால் வகுக்க வேண்டும். உரிய செறிவை 1 என்று கொண்டால், 1 × 1000 ÷ 200 = 5 மடங்கு. ஒரே எண்கள்தாம், பெருக்கும் எண்ணும் வகுக்கும் எண்ணும் இடம் மாறிக்கொண்டன. முன்பு சொன்ன மாணவர்கள் தவறியது இவ்விடத்தில்தான்.

இதைத் தவிர்க்க எளிய காவல் ஒன்று உண்டு. எழுதுகோலைத் தொடுமுன், "விடை கூடுமா, குறையுமா?" என்று மனத்தில் ஒரு முறை கேட்டுக்கொள்ளுங்கள். குறைந்த நீரில் கரைத்தால் உப்புக் கரிக்கும் என்று நாக்குக்குத் தெரியும். பிறகு 'ஐந்தில் ஒரு பங்கு' என்று கை எழுதினால் உடனே பிடித்துவிடலாம்.

1971-இல் ஒரு பங்கீட்டுக் கணக்கு

மூன்றாவது வகை, ஒரு மொத்தத்தைக் கொடுக்கப்பட்ட விகிதத்தில் பங்கு பிரிப்பது. இதற்கும் நம் பொட்டலத்தின் வரலாற்றிலேயே சான்று இருக்கிறது.

1971-இல் வங்கதேச விடுதலைப் போரின்போது ஏறத்தாழ ஒரு கோடி அகதிகள் இந்தியாவுக்குள் வந்தார்கள். மேற்கு வங்கத்தில் எல்லைக்கு அருகிலுள்ள பங்காவ் என்ற ஊரின் முகாமில் காலரா பரவியது. நரம்பு வழியாகச் செலுத்தும் உப்புநீர் கையிருப்பு தீர்ந்துகொண்டிருந்தது. அப்போது குழந்தை மருத்துவர் திலீப் மகாலனபிஸ், வாயால் குடிக்கும் உப்பு-குளுக்கோஸ் கரைசலைப் பெருமளவில் தயாரித்துக் கொடுக்கத் துணிந்தார். லிட்டருக்குக் குளுக்கோஸ் 22 கிராம், சமையல் உப்பு 3.5 கிராம், சோடியம் பைகார்பனேட் 2.5 கிராம். நூற்றுக்கு 30 என்ற அளவில் இருந்த இறப்பு, இக்கரைசல் பெற்றவர்களிடையே 4-க்கும் கீழே இறங்கியது. 2022-இல் மறைந்த அவருக்கு 2023-இல் பத்மவிபூஷண் விருது அறிவிக்கப்பட்டது.

உப்போடு குளுக்கோஸ் எதற்கு? சிறுகுடலின் சுவரில் சோடியத்தையும் குளுக்கோஸையும் சேர்த்து உள்ளே கடத்தும் வாயில் ஒன்று உண்டு. ஒன்று இல்லாமல் மற்றது அவ்வாயிலில் நுழைய முடியாது. அவை நுழைந்தால் நீரும் பின்தொடரும். இக்கூட்டுக் கடத்தலை 1960-இல் ராபர்ட் கிரேன் என்ற உயிர்வேதியியல் அறிஞர் எடுத்துரைத்தார். ஆகவே பொருள்களுக்கிடையே உள்ள விகிதமே இம்மருந்தின் உயிர்நாடி.

நாம் அந்த முகாமில் இருந்ததாக வைத்துக் கொள்வோம். 14 கிலோகிராம் கலவை தயாரிக்க வேண்டும். ஒவ்வொரு பொருளும் எவ்வளவு?

விகிதம் 22 : 3.5 : 2.5. பின்னத்தை நீக்க இரண்டால் பெருக்கினால் 44 : 7 : 5. பங்குகளின் கூட்டுத்தொகை 44 + 7 + 5 = 56. 14 கிலோவை 56 பங்காக்கினால் ஒரு பங்கு 0.25 கிலோ. எனவே,

குளுக்கோஸ் 44 × 0.25 = 11 கிலோ
உப்பு 7 × 0.25 = 1.75 கிலோ
சோடியம் பைகார்பனேட் 5 × 0.25 = 1.25 கிலோ

மூன்றையும் கூட்டினால் 14 கிலோ, கணக்குச் சரி. லிட்டருக்கு 28 கிராம் வீதம் இது 500 லிட்டர் கரைசலுக்கு ஆகும். பங்கீட்டில் மாணவர்கள் வழக்கமாகத் தவறும் இடம், கூட்டுத்தொகையை மறந்துவிட்டு மொத்தத்தை 44-ஆலோ 7-ஆலோ நேராக வகுப்பது. முடிவில் பங்குகளைக் கூட்டிப் பார்க்கும் பழக்கம் இருந்தால் இத்தவறு தங்காது.

எதிர்விகிதத்தில் பங்கு

பங்கீடு எதிர்விகிதத்திலும் நிகழலாம். என் வகுப்பில் ஆண்டுதோறும் வரும் கணக்கு இது. 2 ஓம், 3 ஓம், 6 ஓம் மின்தடைகள் பக்க இணைப்பில் உள்ளன. மொத்த மின்னோட்டம் 12 ஆம்பியர். ஒவ்வொன்றின் வழியாகவும் பாய்வது எவ்வளவு?

12-ஐ 2 : 3 : 6 என்று பிரித்தால் தவறு. மின்தடை மிகுந்த வழியில் மின்னோட்டம் குறையும் அல்லவா? பக்க இணைப்பில் மாறாமல் நிற்பது மின்னழுத்தம். எனவே மின்னோட்டம் மின்தடைக்கு எதிர்விகிதத்தில் அமையும். தலைகீழ் எண்களை எழுதினால் 1/2 : 1/3 : 1/6. ஆறால் பெருக்கினால் 3 : 2 : 1. கூட்டுத்தொகை 6, ஒரு பங்கு 2 ஆம்பியர். ஆகவே மின்னோட்டங்கள் முறையே 6, 4, 2 ஆம்பியர். சரிபார்க்க: 2 × 6, 3 × 4, 6 × 2 ஆகிய மூன்றும் 12 வோல்ட்.

விகிதம் இல்லாத இடங்கள்

விதியைக் கற்றவுடன் எல்லாவற்றுக்கும் அதைப் பொருத்திப் பார்க்கும் ஆசை எழும். ஒரு முட்டை வேகப் பத்து நிமிடம் என்றால், ஒரே பாத்திரத்தில் ஐந்து முட்டை வேக ஐம்பது நிமிடம் ஆகாது. ஒரு வயதில் ஒன்பது கிலோ இருந்த குழந்தை பத்து வயதில் தொண்ணூறு கிலோ இருக்காது. தோசையின் விட்டத்தை இருமடங்காக்கினால், அதே தடிமனுக்கு மாவு நான்கு மடங்கு வேண்டும். ஏனெனில் மாவு விட்டத்தின் வர்க்கத்துக்கே நேர்விகிதத்தில் உள்ளது.

குழந்தைகளுக்கு மருந்தின் அளவைப் பெரும்பாலும் எடையைக் கொண்டு கணிப்பதற்கும் இதுவே காரணம். ஓரளவு நீரிழப்பு கண்ட குழந்தைக்கு முதல் நான்கு மணி நேரத்தில் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் 75 மி.லி. கரைசல் தேவை என்பது உலக நலவாழ்வு அமைப்பின் வழிகாட்டுதல். 8 கிலோ குழந்தைக்கு 600 மி.லி.; 12 கிலோ குழந்தைக்கு 900 மி.லி. இங்கே எடைக்கு நேர்விகிதம் உண்டு, வயதுக்கு இல்லை. அந்தப் பாட்டி நினைத்ததைவிடக் குழந்தைக்குத் தேவைப்படும் நீர் மிக அதிகம் என்பதும் இதிலிருந்து விளங்கும். முழுப் பொட்டலத்தையும் ஒரு லிட்டர் நீரிலேயே கரைத்து, மூடி வைத்து, சிறிது சிறிதாகக் கரண்டியால் புகட்டுவதே முறை. 24 மணி நேரத்துக்குப் பின் எஞ்சியதைக் கொட்டிவிட வேண்டும். குழந்தை சோர்ந்து போனாலோ குடிக்க மறுத்தாலோ உடனே மருத்துவரிடம் கொண்டு செல்ல வேண்டும்.

செய்து பாருங்கள்

1. ஆறு தொண்டர்கள் 8 மணி நேரத்தில் 480 பொட்டலங்கள் கட்டுகிறார்கள். அதே வேகத்தில் நான்கு பேர் 720 பொட்டலங்கள் கட்ட எவ்வளவு நேரம் ஆகும்?

2. 1971-ஆம் ஆண்டுக் கலவையில் 7 கிலோ செய்ய உப்பு எவ்வளவு வேண்டும்? அதை எத்தனை லிட்டர் நீரில் கரைக்கலாம்?

3. பக்க இணைப்பில் உள்ள 4 ஓம், 12 ஓம் மின்தடைகளுக்கிடையே 8 ஆம்பியர் மின்னோட்டம் எவ்வாறு பிரியும்?

விடைகள்: (1) ஒருவர் ஒரு மணி நேரத்தில் கட்டுவது 480 ÷ 48 = 10 பொட்டலங்கள்; நால்வர் கட்டுவது 40; எனவே 18 மணி நேரம். (2) 0.875 கிலோ, 250 லிட்டர். (3) 3 : 1 என்ற விகிதத்தில், முறையே 6 ஆம்பியர், 2 ஆம்பியர்.