மரை ஏறினால் மட்டும் போதாது

பைக்குக்கு ஸ்பார்க் பிளக் மாற்றும்போது பெரும்பாலோர் பார்ப்பது ஒன்றைத்தான்: மரை ஏறுகிறதா? ஏறிவிட்டால் ஸ்டார்ட் செய்து பார்க்கிறார்கள், வண்டி கிளம்புகிறது, வேலை முடிந்தது என்று கிளம்பிவிடுகிறார்கள். ஆனால் ஒரே மரையில், ஒரே நீளத்தில், குணத்தில் வேறுபட்ட பல பிளக்குகள் கடையில் கிடைக்கின்றன. தப்பான பிளக் போட்டாலும் வண்டி கிளம்பத்தான் செய்யும். அது காட்டும் கோளாறு பல நாள் கழித்துத்தான் தெரியவரும், சில சமயம் பிஸ்டனில் ஓட்டையாக.

பிளக்கின் நடுவில் ஒரு மின்முனை. அதைச் சுற்றி வெள்ளைப் பீங்கான். வெளியே எஃகு உடல், அதன் விளிம்பிலிருந்து வளைந்து வந்து நடுமுனைக்கு மேலே நிற்கும் இன்னொரு முனை. இரண்டுக்கும் இடையிலுள்ள சந்தைத்தான் ‘கேப்’ என்கிறோம். இன்றைய பைக்குகளில் இது பெரும்பாலும் 0.7 முதல் 0.9 மி.மீ. வரை இருக்கும், ஏடிஎம் அட்டையின் தடிமன் 0.76 மி.மீ. என்பதை நினைத்துக்கொண்டால் அளவு பிடிபடும். பிளாட்டினா பாயின்ட் வைத்த பழைய வண்டிகளில் இதைவிடக் குறைவு. இக்னிஷன் காயில் அனுப்பும் பல்லாயிரம் வோல்ட் மின்சாரம் இந்தச் சந்தைத் தாண்டும்போதுதான் பொறி பிறக்கிறது. நான்கு ஸ்ட்ரோக் எஞ்சின் நிமிடத்துக்கு 6000 சுற்று சுற்றும்போது ஒரு சிலிண்டரில் நொடிக்கு 50 தடவை பெட்ரோல் கலவை பற்றியாக வேண்டும்.

கேப் குறைந்தால் பொறி சுலபமாகத் தாவும், ஆனால் சின்னதாக இருக்கும். அதில் பிறக்கும் தீத்துளியின் சூட்டைப் பக்கத்திலுள்ள உலோகமே உறிஞ்சிவிடும். ஐடிலிங்கில் வண்டி தடுமாறும். கேப் கூடினால் பொறி பெரிது, தீ நன்றாகப் பிடிக்கும். ஆனால் அதைத் தாண்ட அதிக வோல்ட் வேண்டும். காற்றின் அடர்த்தி கூடக்கூட இந்தத் தேவையும் கூடும். இந்த உறவை 1889-லேயே ஜெர்மானிய இயற்பியலாளர் ஃபிரீட்ரிக் பாஷென் அளந்து சொல்லிவிட்டார். அதனால்தான் கேப் அகன்ற பிளக் சமதளத்தில் ஒழுங்காக ஓடிவிட்டு, மேட்டில் டாப் கியரில் முழு த்ராட்டில் கொடுக்கும்போது ‘விட்டு விட்டு’ இழுக்கிறது. சிலிண்டர் அப்போதுதான் நிறைய கலவையை வாங்குகிறது, அழுத்தம் உச்சத்தில் இருக்கிறது, காயிலால் பொறியைத் தாண்டவைக்க முடிவதில்லை.

பிளக்கைக் கழற்றி, வயரின் நுனியிலுள்ள மூடியில் மாட்டி, ஹெட்டின் மேல் வைத்துப் பொறி வருகிறதா என்று பார்ப்பார்கள் அல்லவா? அங்கே நீலப்பொறி தெரிந்தால் காயிலும் வயரும் உயிரோடு இருக்கின்றன என்று மட்டுமே அர்த்தம். திறந்தவெளிக் காற்றில் தாண்டும் பொறி, அழுத்தத்தில் தாண்டும் என்பதற்கு உத்தரவாதமில்லை. அந்தச் சோதனையின்போது பிளக்கின் உலோக உடல் எஞ்சினைத் தொட்டுக்கொண்டே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் மின்சாரம் போக வழியில்லாமல் காயிலோ அதை இயக்கும் சிடிஐ பெட்டியோ பழுதாகலாம்.

கேப்பைவிட முக்கியமானது பிளக்கின் வெப்ப எண். எஞ்சினுக்குள் இருக்கும் பிளக்கின் நுனி ஏறத்தாழ 450 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடானால்தான் அதில் படியும் கரி தானாக எரிந்து சுத்தமாகும். 850 டிகிரியைத் தாண்டிவிட்டால் பொறிக்குக் காத்திராமல் நுனியே கலவையைப் பற்றவைக்கத் தொடங்கும். பிஸ்டனை உருக்குவது இதுதான். நுனியின் சூட்டை இந்த இரண்டு எல்லைக்குள் வைத்திருப்பது உள்ளே இருக்கும் பீங்கான் மூக்கின் நீளம். மூக்கு நீளமாக இருந்தால் சூடு வெளியேறத் தாமதமாகும், அது ‘ஹாட்’ பிளக். குட்டையாக இருந்தால் சூடு உடனே ஹெட்டுக்குப் போய்விடும், அது ‘கோல்டு’ பிளக். பிளக்கைக் கையில் எடுத்துத் திறந்த முனைக்குள் வெளிச்சம் அடித்துப் பார்த்தாலே இந்த வித்தியாசம் கண்ணில் படும்.

இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. என்ஜிகே எண்ணில் இலக்கம் கூடினால் பிளக் கோல்டு. இன்றைய போஷ் எண்ணில் இலக்கம் கூடினால் ஹாட். கம்பெனி மாற்றும்போது எண்ணை மட்டும் பார்த்து வாங்கினால் நேர் எதிரானது கைக்கு வரும். ஒப்பீட்டு அட்டவணையைப் பார்த்து வாங்குவதே சரி. என்ஜிகேவின் ‘சிபிஆர்8இஏ-9’ என்ற எண்ணைப் பிரித்தால்: ‘சி’ என்றால் 10 மி.மீ. மரை, ‘பி’ என்றால் மூக்கு வெளியே நீட்டியிருக்கும், ‘ஆர்’ என்றால் உள்ளே ரெசிஸ்டர் உண்டு, 8 வெப்ப எண், ‘இ’ என்றால் மரைப்பகுதி 19 மி.மீ. நீளம், கடைசி 9, கேப் 0.9 மி.மீ. என்பது. ஃப்யூயல் இன்ஜெக்ஷன் வண்டிகளில் அந்த ‘ஆர்’ விடுபட்டுவிடக் கூடாது. ரெசிஸ்டர் இல்லாத பிளக்கின் மின்இரைச்சல், எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியான இசியுவைக் குழப்பும். மரை நீளத்தில் தவறினால் விளைவு இன்னும் மோசம்: நீளமானது பிஸ்டனையோ வால்வையோ முட்டும், குட்டையானது போட்டால் வெளியே தெரியும் ஹெட் மரையில் கரி படிந்து இறுகிவிடும்.

புது பிளக் கேப் சரிபார்த்துத்தான் வருகிறது என்று நம்பிவிடாதீர்கள். பெட்டிக்குள்ளேயே கீழே விழுந்திருந்தால் முனை வளைந்திருக்கும். ஃபீலர் கேஜின் சரியான தகட்டை உள்ளே விட்டால், தடையில்லாமல் வழுக்கிப் போகாமலும் சிக்கி நிற்காமலும், மெல்லிய உரசலோடு நுழைய வேண்டும். கேப்பைக் கூட்ட, வளைந்த முனையை மட்டும் அதற்கான கருவியால் மெதுவாக நெம்பவும். குறைக்க, அந்த முனையைத் தட்டையான கட்டை மீது லேசாகத் தட்டினால் போதும். நடுமுனையில் எதையும் ஊன்றி நெம்பக் கூடாது. பீங்கான் விரிசல் விட்டுவிடும். இரிடியம் பிளக்கானால் இன்னும் கவனம் வேண்டும். சாதாரண நிக்கல் நடுமுனை சுமார் 2.5 மி.மீ. தடிமன், இரிடியம் நுனியோ சுமார் 0.6 மி.மீ.தான். நீண்ட நாள் தேயாமல் உழைக்கும், ஆனால் நெம்பினால் உடைந்துவிடும். அளவு தவறியிருந்தால் கடையில் கொடுத்து வேறு வாங்கிக்கொள்வதே நல்லது.

கழற்றிய பிளக்கின் நுனியைப் பார்க்காமல் தூக்கி எறிவது எனக்குப் பிடிக்காத வழக்கம். வெளிர் பழுப்பு என்றால் எல்லாம் சரி. உலர்ந்த கறுப்புக் கரி என்றால் கலவையில் பெட்ரோல் அதிகம், ஏர் ஃபில்டரை முதலில் பாருங்கள். எண்ணெய்ப் பிசுக்கோடு கறுத்திருந்தால் நான்கு ஸ்ட்ரோக் வண்டியில் ரிங்கோ வால்வு சீலோ தேய்ந்திருக்கிறது. வெள்ளையாகக் கொப்புளித்திருந்தால் உடனே வண்டியை நிறுத்திக் காரணம் தேடுங்கள். நுனி அளவுக்கு மீறிச் சூடாகியிருக்கிறது.

மாட்டுவதற்குமுன் பிளக் குழியில் கிடக்கும் மண்ணை ஊதி வெளியேற்றுங்கள். எஞ்சின் ஆறியிருக்க வேண்டும். சூடான அலுமினிய ஹெட்டில் மரை எளிதில் பிய்ந்துவிடும். முதலில் கையாலேயே முழுவதும் ஏற்றி, வாஷர் படிந்த பிறகுதான் ஸ்பேனரைத் தொட வேண்டும். புது பிளக்குக்கு அதன்பின் அரைச் சுற்று, பழையதையே திரும்ப மாட்டினால் அதில் சிறு பங்கு. அதற்குமேல் ஒரு இழுப்பும் வேண்டாம்.